சீசன் தொடக்கத்தில் முதன்முறையாக ட்ரம் கோர் போட்டி: எங்கே உட்காருவது, எதைக் கவனிப்பது?

மெல்லோ_அம்மா

வணக்கம். நாங்கள் சான்டா கிளாராவில் இருக்கிறோம். மகள் பள்ளி மார்ச்சிங் பேண்டில் மெல்லோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிக்கிறாள், ஆகஸ்டில் 11ஆம் வகுப்பு. ஜூன் கடைசி வாரம் ஃப்ரெஸ்னோ பக்கம் ஒரு பள்ளி ஸ்டேடியத்தில் டி.சி.ஐ. (ட்ரம் கோர் இன்டர்நேஷனல்) போட்டி இருக்கிறது, பித்தளை, தாளம், கொடி மட்டுமே கொண்ட குழுக்கள் நடந்துகொண்டே வாசிப்பது. நாலு பேர் போகிறோம், 72 வயது மாமியாரும் வருகிறார். பேண்ட் போட்டிகள் நிறையப் பார்த்திருக்கிறோம், ட்ரம் கோர் நேரில் பார்த்ததில்லை.

முன்வரிசை டிக்கெட் மலிவு, மேல்வரிசை விலை அதிகம். இது ஏன் தலைகீழாக இருக்கிறது? எதை எடுப்பது?

பார்க்கிங் லாட்டில் வார்ம்-அப் பார்க்கலாம் என்கிறார்கள். எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

சீசன் ஆரம்பத்தில் ஷோ முடிந்திருக்காதாமே, 65, 70 என்றுதான் மதிப்பெண் வருமாமே. அப்படியானால் ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் ஃபைனல்ஸை ஒளிபரப்பில் பார்த்தால் போதாதா?

கடைசியாக மகளின் கேள்வி: ட்ரம் அண்ட் ப்யூகிள் கோர் என்று பெயர், ஆனால் ப்யூகிளே (பழைய ஊதுகொம்பு) காணோமே?

கான்ட்ரா_தோள்

வணக்கம் அக்கா. இருக்கையில் இருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

மைதானம் 100 யார்டு நீளம், 53 யார்டு சொச்சம் அகலம். பெரிய கோர் என்றால் 150 பேருக்கு மேல் அதில் ஓடிக்கொண்டே உருவம் வரைகிறார்கள். முதல் 5, 6 வரிசையில் இருந்து பார்த்தால் உங்களுக்குத் தெரிவது ஒரு தலைக்கூட்டம்தான். சாய்வுக்கோடு எங்கே நேராகிறது, வட்டம் எப்போது சதுரமாக உடைகிறது என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் புலப்படும். டிரில், அதாவது யார் எப்போது எங்கே நடப்பது என்ற வரைவை எழுதுகிறவரும் பிரஸ் பாக்ஸ் (ஸ்டாண்டின் உச்சியில் உள்ள அறை) உயரத்தை மனதில் வைத்தே எழுதுகிறார். இரண்டாவது காரணம் சத்தம். பிட், அதாவது மரிம்பா, வைப்ரஃபோன், சிந்தசைசர் எல்லாம் முன்கோட்டின் நடுவில் நிற்கும், அதன் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் அடுக்கு. 50 யார்டு கோட்டுக்கு நேரே கீழ்வரிசையில் உட்கார்ந்தால் மரிம்பா காதுக்குள் வாசிக்கும், ஹார்ன்லைன், அதாவது பித்தளை வாசிப்பவர்கள், தூரத்தில் கேட்கும்.

எனவே பிரஸ் பாக்ஸ் உள்ள பக்கம், இரண்டு 35 யார்டு கோடுகளுக்கு நடுவில், 15ஆம் வரிசைக்கு மேலே எடுங்கள். நடுவில் கிடைக்கவில்லையா, கீழே நடுவில் எடுப்பதைவிட மேலே ஓரத்தில் எடுப்பது நல்லது. எதிர்ப்பக்க ஸ்டாண்ட் டிக்கெட் விற்றாலும் வேண்டாம், ஷோ முழுவதும் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

மாமியாருக்குப் படி ஏறுவது கஷ்டம் என்றால் ஸ்டேடியத்தின் இருக்கைப் படத்தில் நடுமட்ட நடைபாதை இருக்கிறதா என்று பாருங்கள். பல ஸ்டேடியங்களில் வெளியே சரிவுப்பாதை வழியாக அந்த மட்டத்துக்கே நேராக வந்துவிடலாம். அங்கிருந்து இரண்டு மூன்று படி ஏறும் தூரத்தில், நடைவழி ஓரமாக இரண்டு இருக்கை.

வெயில்: பெரும்பாலான ஸ்டேடியங்களில் பிரஸ் பாக்ஸ் மேற்குப் பக்கம்தான் இருக்கும், சாயங்கால வெயில் உங்கள் முதுகில் விழும். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை, சாட்டிலைட் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃப்ரெஸ்னோ பக்கம் ஜூன் கடைசியில் 38 டிகிரி சாதாரணம். அலுமினிய பெஞ்ச் பகலெல்லாம் சூடேறி இருக்கும், ஆளுக்கு ஒரு மெத்தை கட்டாயம். கைப்பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில்தான் இருக்க வேண்டும் என்று பல இடத்தில் விதி உண்டு. தண்ணீர் பாட்டில் சீல் உடைக்காததா, காலியானதா, எது அனுமதி என்பதை டிக்கெட் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். சான்டா கிளாராவில் இருந்து ஏறக்குறைய 150 மைல். 152ஆம் நெடுஞ்சாலையில் பச்சேகோ கணவாய் ஏறும்போது வெள்ளி சாயங்காலம் என்றால் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

லாட்டுக்கு 4 மணிக்குப் போய்விடுங்கள், எல்லாம் பார்க்கலாம்.

பிட்_ஓரம்

மேலே சொன்ன இருக்கைக் கணக்கு சரி. 4 மணிக்குப் போனால் எல்லாம் பார்க்கலாம் என்பது மட்டும் சரியல்ல. எல்லா கோரும் ஒரே நேரத்தில் வார்ம்-அப் செய்வதில்லை. ஒவ்வொன்றும் தன் மேடை நேரத்தில் இருந்து பின்னோக்கி எண்ணித்தான் தொடங்கும்.

ஒரு கோர் 8:30க்கு ஆடுகிறது என்று வையுங்கள். 6:30 வாக்கில் உடற்பயிற்சியும் நடைப்பயிற்சியும். 7 மணிக்கு ஹார்ன், பேட்டரி (நடந்துகொண்டே வாசிக்கும் ட்ரம் வரிசை), பிட், கலர் கார்டு (கொடி வீசுகிறவர்கள்) தனித்தனியாகப் பிரிந்து போகும். 7:30 முதல் ஹார்ன்லைன் அரைவட்டமாக நின்று வாசிக்கும். 8:05, 8:10க்குக் கருவிகளோடு வாசலை நோக்கி நடை. பிட் இன்னும் முன்பே கிளம்பிவிடும், அத்தனை சக்கர வண்டியையும் தள்ளிக்கொண்டு போக வேண்டுமே. இந்த நேரங்கள் 15 நிமிடம் முன்பின் இருக்கும், வரிசை மாறாது. ஆக, கடைசியில் வரும் கோரின் லாட்டைப் பார்த்தால் மைதானத்தில் இரண்டு மூன்று கோர் போய்விடும். ஒருமுறை உள்ளே போய்விட்டு வெளியே வந்தால் மறுபடி விடாத ஸ்டேடியங்கள் நிறைய. முதல் தடவை போகிறவர்கள் முதல் இரண்டு மூன்று கோரின் லாட்டை மட்டும் பார்த்துவிட்டு, போட்டி தொடங்க 20 நிமிடம் முன்னால் உள்ளே போய்விடுவது நல்லது. போட்டி அன்று காலையில் போடும் நேரப் பட்டியலை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு மாதம் முன்பு வெளியான பட்டியல் மாறியிருக்கும்.

லாட்டில் எங்கே நிற்பது: பயிற்சியாளருக்குப் பின்னால், மூன்று நான்கு மீட்டர் தள்ளி. பயிற்சியாளருக்கும் வரிசைக்கும் நடுவில் போகவே கூடாது. பிள்ளைகள் வாசிக்காத நொடியிலும் பேச்சுக் கொடுக்க வேண்டாம், அவர்களுக்கு அது வேலை நேரம்.

மகள் மெல்லோ வாசிக்கிறாள் என்றால் அரைவட்டத்தின் நடுவில் நிற்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு சத்தமும் வராது. நாலு எண்ணிக்கை மூச்சு உள்ளே, நாலு வெளியே, பிறகு ஆறு, எட்டு. அதன்பின் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பார்கள். ஸ்வரம் தொடங்கும் இடத்தைவிட முடியும் இடத்தைக் கேளுங்கள். நல்ல ஹார்ன்லைனில் எழுபது பேரும் ஒரே கணத்தில் நிறுத்துவார்கள், நிறுத்தியபின் எதிர்க் கட்டடத்தில் இருந்து அந்த ஸ்வரம் திரும்பி வரும். சீசன் தொடக்கத்தில் அந்த முடிவு அரை எண்ணிக்கை சிதறும். பயிற்சியாளர் அங்கேதான் நிறுத்தி நிறுத்தித் திருத்துவார். அந்தத் திருத்தத்தைக் கேட்பது உங்கள் மகளுக்கு ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

பேட்டரியைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ஸ்னேர் ட்ரம் வாசிப்பவர்கள் ஒன்பது பேர் என்றால் ஒன்பது குச்சி நுனியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். 3 அங்குல அடியில் ஒருவர் 5 அங்குலம் தூக்கினால் காதுக்கு எட்டுமுன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் ஒரு மெட்ரோனோமை ஸ்பீக்கரில் போட்டு ஓட விட்டிருப்பார்கள். எல்லோருக்கும் காது அடைப்பான் எடுத்துப் போங்கள், மாமியாருக்கும்தான். திறந்த வெளியே ஆனாலும் பத்தடி தூரத்தில் ஸ்னேர் வரிசை 100 டெசிபலைத் தாண்டும். அரங்கில் மேல்வரிசையில் அவ்வளவு இருக்காது, ஆனால் முழு பித்தளையும் முன்கோட்டுக்கு வந்து நிற்கும் இடத்தில் மறுபடி தேவைப்படும். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு வகை போதும்.

இன்னொன்று. முதலில் வரும் கோர்கள் நல்ல வெயிலில் ஆடும். சூட்டில் பித்தளைக்குச் சுருதி ஏறும், சிந்தசைசர் சுருதி அசையாது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் புளித்த மாதிரி கேட்டால் பிள்ளைகள் மேல் மட்டும் பழி போட வேண்டாம், அவர்கள் ட்யூனிங் ஸ்லைடை இழுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். மைக் வேலை செய்யாமல் போவது, தனி ஆள் வாசிப்பு ஸ்பீக்கரில் வராமல் போவது, கீழ்ஸ்தாயி சிந்த் எல்லாவற்றையும் மூடிவிடுவது, இதெல்லாம் ஜூனில் அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு ஸ்டேடியமும் வேறு மாதிரி ஒலிக்கும், மிக்ஸர் ஆளுக்கு அங்கே ஒத்திகை கிடையாது.

ஹேஷ்மார்க்

"ஷோ முடிந்திருக்காதே" என்பதற்கு என் பதில்: அதற்காகவே போக வேண்டும். ஆகஸ்டில் நீங்கள் பார்ப்பது தேய்த்து மெருகேற்றிய சிலை. உளி எங்கே பட்டது என்பது ஜூனில்தான் தெரியும்.

கோர்கள் மே மாதம் ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ கூடி, நாளுக்கு 10, 12 மணி நேரம் கட்டி எழுப்பியது இது. 11, 12 நிமிட ஷோ. ஜூன் கடைசியில் பெரும்பாலும் இசை முழுதாக இருக்கும், நடைதான் பாக்கி இருக்கும். கடைசி ஒரு நிமிடம் ஓட்டம் நின்று, அரைவட்டமாக நின்று வாசித்து முடித்தால் அந்தப் பகுதிக்கு டிரில் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஆடைகள் பாதி வந்திருக்கும். கார்டு பயிற்சிக் கொடியையே தூக்கி வீசும். பின்னணிப் பலகைகள் வர்ணம் பூசாத ப்ளைவுட்டாக நிற்கும். குறிப்பு எடுங்கள்: எந்தெந்த இடத்தில் கூட்டம் எழுந்து கத்தியது, எந்தெந்த இடத்தில் 20 நொடி ஒன்றும் நடக்காமல் ஓடியது. ஆகஸ்ட் ஒளிபரப்பில் அதே இடங்களைப் பாருங்கள். காலியான 20 நொடியில் புதிதாகக் கொடி முளைத்திருக்கும், சில இடங்களில் அந்தப் பகுதியையே வெட்டியிருப்பார்கள்.

இப்போது நடையில் என்ன தவறும், ஏன் தவறும் என்பது. அடிப்படை நடை 5 யார்டுக்கு 8 காலடி, ஒரு காலடி 22.5 அங்குலம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு புள்ளி உண்டு. பக்கவாட்டுக்கு யார்டு கோடு உதவும். முன்பின் ஆழத்துக்கு அவர்கள் நம்புவது ஹேஷ் குறியை, அதாவது மைதானத்தில் நீளவாக்கில் வரிசையாகப் போட்டிருக்கும் சிறு கோடுகளை. பள்ளி மைதானத்தில் ஹேஷ் அகலத்தைச் சரியாக மூன்றாகப் பிரிக்கும்: முன்கோட்டில் இருந்து 53 அடி 4 அங்குலம், நடைக்கணக்கில் 28 காலடி. கல்லூரி மைதானத்தில் அது 60 அடி, நடைக்கணக்கில் 32 காலடி. என்.எஃப்.எல். (தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து) மைதானத்தில் 70 அடி 9 அங்குலம். ஒரு மாதம் கல்லூரி ஹேஷில் பழகிவிட்டுப் பள்ளி மைதானத்துக்கு வந்தால், பழக்கத்தில் ஹேஷைப் பிடித்து நிற்கிறவர் நாலு காலடி முன்னால் நிற்பார். மேலிருந்து பார்த்தால் நேர்க்கோட்டில் ஒரு பல் உடைந்த மாதிரி தெரியும். சில கோர்கள் போட்டிக்கு முந்தைய ஒத்திகையில் தற்காலிகமாக வேறு ஹேஷ் வரைந்து பழகும். நேரம் கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

தாளம் பிரிவதும் அப்படித்தான். பேட்டரி பின்கோட்டுக்குப் போகும்போது அதற்கும் பிட்டுக்கும் நடுவில் 40 மீட்டர் இருக்கும். ஒலி அதைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். வேகமான காலப்பிரமாணத்தில் அது மொத்தத்தையும் இரண்டாகக் கிழிக்கப் போதும். அதனால் முன்னால் நிற்கிறவர்கள் கண்ணால் ட்ரம் மேஜரை (முன்னால் நின்று கையசைத்து நடத்துகிறவர்) பார்த்து வாசிப்பதைவிட, பின்னாலிருந்து வரும் ஒலியைக் காதால் பிடித்து அதோடு சேர்ந்து வாசிப்பார்கள். ஜூனில் இந்தப் பழக்கம் இன்னும் கெட்டிப்படாது. அகலமாகப் பரந்து நிற்கும் உருவங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், கிழிவது கேட்கும்.

மகளின் கேள்விக்கு: டி.சி.ஐ.யின் முதல் சாம்பியன்ஷிப் 1972இல் விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற ஊரில் நடந்தது. அப்போது எல்லாம் ஜி சுருதி ப்யூகிள்தான். வால்வு ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்லக் கூடியது. 2000இல் எந்தச் சுருதிப் பித்தளையும் செல்லும் என்று விதி மாறியதும் எல்லோரும் பி-ஃப்ளாட் ட்ரம்பெட், எஃப் மெல்லோவுக்கு மாறினார்கள். 2014 முதல் ட்ரோம்போன், ஃப்ரெஞ்ச் ஹார்ன், சூசஃபோனும் உண்டு. புல்லாங்குழல், கிளாரினெட் வகை இன்றும் கிடையாது. பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது.

மெல்லோ_அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. நடுமட்ட நடைபாதைக்கு மேல் மூன்றாவது வரிசை, 40 யார்டு அருகே எடுத்துவிட்டோம். மதிப்பெண் பற்றி யாராவது சொல்லுங்களேன். கொடி கீழே விழுந்தால் எத்தனை குறைப்பார்கள் என்று மாமியார் கேட்கிறார்.

ரீகேப்_வாசகி

மாமியாரின் கேள்வி பழைய காலத்துக்குச் சரியான கேள்வி. அப்போது ஒவ்வொரு தப்புக்கும் 0.1 என்று கழித்துக்கொண்டே போவார்கள். 1980களின் நடுவில் அது போய்விட்டது. இன்று கொடி விழுந்தால் அதற்கென்று தனிக் கழிவு இல்லை. கார்டு நடுவர் என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள், அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று இரண்டாகப் பார்த்து எண் போடுவார். கடினமான வீச்சில் ஒன்று தவறினால் பெரிதாகப் பாதிக்காது. எளிதான இடத்தில் வரிசையாகத் தவறினால் பாதிக்கும்.

மொத்தம் 100. ஜெனரல் எஃபெக்ட் (ஷோ மொத்தமாக ஏற்படுத்தும் தாக்கம்) 40, விஷுவல் 30, மியூசிக் 30. எஃபெக்ட்டுக்கு இரண்டு தலைப்பு, தலைக்கு 20, அப்படியே கூட்டுவார்கள். விஷுவலில் மூன்று தலைப்பு, தலைக்கு 20, கூட்டிப் பாதியாக்குவார்கள். மியூசிக்கும் அதே மாதிரி. நானே போட்ட ஓர் உதாரணம்: எஃபெக்ட் 14.2, 14.0, சேர்த்து 28.2. விஷுவலில் 13.4, 13.2, கார்டு 13.6, கூட்டினால் 40.2, பாதி 20.1. மியூசிக்கில் பித்தளை 13.8, அனாலிசிஸ் 13.7, தாளம் 13.3, கூட்டினால் 40.8, பாதி 20.4. மொத்தம் 68.7. ஜூனில் இது கௌரவமான எண். இன்னும் கட்டி முடிக்காத ஷோவுக்கு "என்ன வேலை கொடுத்தார்கள்" என்ற பாதியில் எண் ஏற வழியில்லை, அதனால்தான் 60களில் தொடங்குகிறது. ஆகஸ்டில் முதலிடம் 97க்கு மேல் போகும். இதுவரை உச்சம் 2014இல் ப்ளூ டெவில்ஸ் வாங்கிய 99.650.

மகளிடம் சொல்ல வேண்டியது: மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் போனை மூடிவிடாதே. இரவே வெளியாகும் ரீகேப் தாளில் (தலைப்பு வாரியான மதிப்பெண் பட்டியல்) பித்தளைப் பத்தியை மட்டும் எடுத்துப் பார். மொத்தத்தில் நாலாவது வந்த கோர் பித்தளையில் இரண்டாவதாக இருக்கும். அந்த ஹார்ன்லைன் ஷோ வடிவமைப்பால் பின்தங்குகிறது, வாசிப்பால் அல்ல என்று புரியும். ஒரே இரவில், ஒரே நடுவர் குழுவிடம் வாங்கிய எண்களைத்தான் ஒப்பிடலாம். கலிஃபோர்னியாவில் 70, அதே வாரம் ஒஹையோவில் 71 என்றால் அதற்கு ஒரு பொருளும் இல்லை, வேறு நடுவர்கள், வேறு கோர்கள். இணையத்தில் ஜூன் முழுக்க இந்தச் சண்டைதான் நடக்கும், அதை நம்பி எந்த கோருக்கும் முடிவு கட்ட வேண்டாம்.

மகளுக்கு ஆடிஷன் ஆசை இருந்தால் கலிஃபோர்னியா போட்டிகளில் வரும் ப்ளூ டெவில்ஸ் பி போன்ற ஓபன் க்ளாஸ் (சிறிய கோர்களின் பிரிவு) கோர்களை முதலிலேயே வந்து பாருங்கள். உயர்நிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகள் அதில் நிறைய. பெரியவர்கள் கடைசியில் வருவார்கள் என்று 8 மணிக்கு வந்து சேருகிறவர்கள் இவர்களைத் தவறவிடுகிறார்கள். ஆடிஷன் முகாம்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் தொடங்கும். வயது வரம்பு 21. கோடை முழுவதற்குமான கட்டணம் பல ஆயிரம் டாலர், அதையும் இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மேகமூட்டம்

மிட்வெஸ்ட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு மட்டும். இண்டியானா, ஒஹையோ, இல்லினாய் பக்கம் ஜூன் என்றால் இடி உண்டு. இடி கேட்டதும் ஸ்டாண்டைக் காலி செய்வார்கள். கடைசி இடியில் இருந்து 30 நிமிடம் அமைதியாக இருந்தால்தான் மறுபடி உள்ளே விடுவார்கள், நடுவில் இன்னொன்று இடித்தால் கடிகாரம் முதலில் இருந்து. மழை மட்டும் பெய்தாலும் மரிம்பாவின் ரோஸ்வுட் பட்டைகளையும் மின் கருவிகளையும் வெளியே எடுக்க மாட்டார்கள், அவை இல்லாமல் ஷோவும் இல்லை. அப்போது சில கோர்கள் ஜிம்முக்குள்ளோ ஸ்டாண்டுக்கு அடியிலோ நின்றபடி பித்தளையை மட்டும் வாசித்துக் காட்டும், மதிப்பெண் இருக்காது. கார் பக்கம் ஓடிவிடாமல் அரைமணி காத்திருந்தால் அது கிடைக்கும். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டு கொண்டு போங்கள். காற்று மட்டும் இருந்தாலும் உயரமான பலகைகளைப் படுக்க வைத்துவிடுவார்கள், கார்டு வீச்சின் உயரத்தைக் குறைக்கும்.

மெல்லோ_அம்மா

கைத்தட்டுவது எப்போது? நடுவில் தட்டினால் தொந்தரவா? வீடியோ எடுக்கலாமா?

கான்ட்ரா_தோள்

தட்டுங்கள், கத்துங்கள், அதற்காகத்தான் வாசிக்கிறார்கள் அக்கா. மெதுவான பாடலில் ஒற்றை ஆள் வாசிக்கும்போது மட்டும் அமைதி. ஒரு கோர் ஆடிக்கொண்டிருக்கும்போது எழுந்து நடக்கக் கூடாது, வாசலில் நிறுத்தி வைப்பார்கள். கோருக்குக் கோர் ஏறக்குறைய 15 நிமிட இடைவெளியில் வரும், ஆட்டம் முடிந்து அடுத்தது தயாராகும் அந்த நாலைந்து நிமிடத்தில்தான் கழிப்பறைக்கு. இடைவேளையில் போனால் வரிசையிலேயே அடுத்த கோர் போய்விடும், இடைவேளைக்கு முந்தைய மாற்றத்திலேயே மாமியாரைக் கூட்டிப் போய் வந்துவிடுங்கள். ஷோவை வீடியோ எடுக்கக் கூடாது, இசை உரிமம் காரணம்.

மதிப்பெண் அறிவிக்கும்போது பெரும்பாலும் ட்ரம் மேஜர்கள் மட்டும் மைதானத்துக்கு வருவார்கள். அது முடிந்ததும் காருக்கு ஓட வேண்டாம். பல இடங்களில் கடைசி கோர் முன்கோட்டில் வந்து நின்று ஒரு பாட்டு வாசிக்கும். அப்போது மகளை மட்டும் கீழ்வரிசைக்கு அனுப்புங்கள், காதடைப்பானோடு.